டெட்ராய்ட், ஜூலை 1967: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960-களில் அமெரிக்க நகரங்கள் பற்றியெரிந்ததைப் பற்றிப் படிக்கிறவர்கள் கடைசியில் டெட்ராய்டில்தான் வந்து நிற்கிறார்கள். சாவும் கைதும் ராணுவமும் அங்கே பெரிய அளவில் இருந்தன. அதைவிட முக்கியம், என்ன நடந்தது என்பதற்கு அரசின் ஆவணங்களிலேயே நல்ல பதிவு இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சுருக்கமாக என்ன நடந்தது?

1967 ஜூலை 23, ஞாயிறு விடியற்காலை ஒரு சட்டவிரோத மதுக்கூடத்தில் போலீஸ் ரெய்டு நடத்தியது. கூடிய கூட்டம் கல்லெறிந்தது, கடைகள் சூறையாடப்பட்டன, பிறகு தீ. ஐந்து நாளில் 43 பேர் செத்தார்கள்: 33 பேர் கறுப்பினத்தவர், 10 பேர் வெள்ளையர். 1,189 பேருக்குக் காயம், 7,200-க்கும் மேல் கைது. 2,509 கடைகள் சூறையாடப்பட்டன அல்லது எரிந்தன. 388 குடும்பங்கள் வீடிழந்தன.

அந்த ரெய்டில் அப்படி என்ன தவறாகப் போனது?

ஏறக்குறைய எல்லாமே. மிச்சிகனில் மதுக்கடைகள் இரவு 2 மணிக்கு மூடியாக வேண்டும். அதற்குப் பிறகும் குடிக்க, ஆட, சீட்டாட ‘பிளைண்ட் பிக்’ என்ற கள்ள மதுக்கூடங்கள் இருந்தன. நகர மையத்தின் நல்ல கிளப்புகள் கறுப்பினத்தவரை உள்ளே விடாத காலத்தில் வளர்ந்த வழக்கம் இது. 12-வது தெருவும் கிளேர்மவுன்ட் தெருவும் சந்திக்கும் முனைக்கருகே, ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்த கூடத்தை போலீஸ் அதற்கு முன்பே ரெய்டு செய்திருந்தது. அன்றிரவு அவர்கள் போன ஐந்தாவது இடம் அது.

உள்ளே இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள் என்று கணக்குப்போட்டுப் போனார்கள். இருந்தது 82 பேர். வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு அங்கே விருந்து நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேரையும் கைது செய்வது என்று முடிவானது. ஆளுக்கேற்ற வண்டி இல்லை. பின்கதவு பூட்டிக் கிடந்ததால் முன்வாசல் வழியாக, தெரு பார்க்க, ஒவ்வொருவராக இறக்கினார்கள். வண்டிகள் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்ததால் எல்லோரையும் ஏற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. புழுக்கமான இரவு. அந்த நேரத்திலும் தெருவில் ஆள் இருந்தது. கூட்டம் 200 பேரைத் தொட்டது. பெண்களைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், ஒருவரைப் படியில் உதைத்தார்கள் என்ற பேச்சு கூட்டத்துக்குள் ஓடியது.

காலை 5 மணி தாண்டியதும், கடைசி கைதியையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிய பிறகு, ஒரு காலி பாட்டில் பறந்து வந்து போலீஸ் காரின் பின்கண்ணாடியை உடைத்தது. அடுத்து ஒரு குப்பைத்தொட்டி ஒரு கடையின் ஜன்னலுக்குள் போய் விழுந்தது.

ஒரு ரெய்டுக்காக ஊரே எரியுமா?

எரியாது. அந்த ரெய்டு அந்த வட்டாரத்துக்கு அன்றாட நிகழ்ச்சி, விஷயமே அதுதான். நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர், போலீஸ் படையிலோ ஏறக்குறைய 5 சதவீதம். ‘பிக் ஃபோர்’ என்று தெருவில் பெயர் வாங்கிய ரோந்துக் கார்கள் உண்டு. சீருடையில் ஒரு டிரைவர், சாதாரண உடையில் மூன்று பேர், எல்லோரும் வாட்டசாட்டமான ஆட்கள். தெருமுனையில் நிற்கும் பையன்களை நிறுத்திப் பேர் கேட்பது, கெட்ட வார்த்தையில் கூப்பிடுவது, சோதனை போடுவது, பதில் பேசினால் அடி. புகார் கொடுத்தால் விசாரிப்பதும் அதே போலீஸ்தான்.

ரெய்டுக்குச் சில வாரம் முன்பு, ஜூன் மாதத்தில், முன்னாள் ராணுவ வீரரான ஒரு கறுப்பின இளைஞரை ரூஜ் பூங்காவில் வெள்ளைக் கும்பல் ஒன்று சுட்டுக் கொன்றது. கருவுற்றிருந்த அவர் மனைவி அப்போது கூடவே இருந்தார். ஜூலை தொடக்கத்தில் 12-வது தெருவில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது, சுட்டது போலீஸ்காரர்தான் என்று வட்டாரமே பேசியது. அது உண்மையா என்பது வேறு கேள்வி. கேட்டவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

டெட்ராய்ட் இன நல்லுறவுக்கு முன்மாதிரி நகரம் என்றுதானே சொன்னார்கள்?

ஆமாம், அதை நம்பவும் செய்தார்கள். மேயர் ஜெரோம் காவனா 1961-இல் கறுப்பின வாக்குகளால் ஜெயித்தவர். போலீஸைத் திருத்த ஆள் போட்டார், வாஷிங்டனிலிருந்து வறுமை ஒழிப்புப் பணம் நிறையக் கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தில் இரண்டு கறுப்பின உறுப்பினர்களைக் கொண்ட ஒரே நகரம் அதுதான்: ஜான் கான்யர்ஸ், சார்லஸ் டிக்ஸ். கார்த் தொழிற்சாலைகளில் வேலை, தொழிற்சங்கம், சொந்த வீடு வைத்த கறுப்பினக் குடும்பங்கள் எல்லாம் இருந்தன. 1963 ஜூனில் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் உட்வர்ட் அவென்யூவில் நடந்த பேரணியில் லட்சம் பேருக்கு மேல் நடந்தார்கள் என்று கணக்கு.

1966 ஆகஸ்டில் கிழக்குப் பகுதியின் கெர்ச்செவல் தெருவில் சிறு மோதல் வந்தது. போலீஸ் வேகமாக ஆள் குவித்தது, மழையும் பெய்தது, அடங்கிவிட்டது. ‘நம் ஊரில் வாட்ஸ் மாதிரி வராது’ (1965-இல் கலவரம் நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி அது) என்ற தெம்பு அங்கிருந்துதான் வந்தது. கெர்ச்செவல் மோதல் போலீஸ் பலம் அதிகமாக இருந்த வாரநாள் மாலையில் தொடங்கியது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

12-வது தெருவில் அத்தனை நெரிசல் எப்படி வந்தது?

கறுப்பினத்தவர் எங்கே வேண்டுமானாலும் வீடு வாங்க முடியாத ஊரில், அவர்கள் வாழ்ந்த பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி பகுதிகளை நகரம் 1950-களிலிருந்து இடித்துத் தள்ளியது. கறுப்பின வணிகத்தின் முதுகெலும்பான ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேலேயே கிரைஸ்லர் விரைவுச்சாலை போடப்பட்டது. இடம் இழந்தவர்களில் பலர் மேற்கே 12-வது தெருப் பக்கம் வந்தார்கள். அதுவரை அங்கிருந்த யூதக் குடும்பங்கள் வடமேற்கே நகர, பெரிய அபார்ட்மென்ட்களைத் துண்டு துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். சதுர மைலுக்கு 21,000 பேருக்கு மேல், நகரச் சராசரியைப்போல ஏறக்குறைய இரு மடங்கு.

ஹேஸ்டிங்ஸ் தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஜோ வான் பேட்டில், கடை இடிபட்டதும் 12-வது தெருவுக்கு மாறினார். 1967-இல் அந்தக் கடையும் போயிற்று. கடை கறுப்பினத்தவருடையது என்று காட்ட, பலர் ஜன்னலில் எழுதிவைத்ததுபோல அவரும் ‘சோல் பிரதர்’ என்று எழுதியிருந்தார், பயனில்லை. ஒரே மனிதரின் பிழைப்பு ஒரு முறை நகராட்சித் திட்டத்திலும் மறுமுறை கலவரத்திலும் அழிந்தது. இரண்டாவதை மட்டும்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ் ஏன் கைகட்டி நின்றது?

ஆளில்லை. அந்த விடியற்காலையில் நகரம் முழுக்க ரோந்தில் இருந்தவர்கள் 193 பேர், அந்தச் சரகத்தில் 44 பேர். கோடை ஞாயிறு என்பதால் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சேர்க்கவே மணிக்கணக்காயிற்று. சுட்டால் கூட்டம் பெரிதாகும் என்ற பயமும் மேலிடத்தில் இருந்தது. எனவே தெருவைச் சுற்றி வளைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். போலீஸ் கண்ணெதிரே கடையை உடைத்தாலும் ஒன்றும் நடக்காது என்று தெரிந்ததும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உள்ளே போனார்கள்.

உள்ளூர் வானொலியும் தொலைக்காட்சியும் வேண்டுகோளுக்கு இணங்கிப் பகல் வரை செய்தியை அடக்கி வைத்தன. இதனால் யாருக்கும் தெரியாமல் போகவில்லை, வதந்தி மட்டும் வளர்ந்தது. கான்யர்ஸ் ஒரு கார் மேல் ஏறி ஒலிபெருக்கியில் கலைந்து போகச் சொன்னார். கூச்சல் போட்டார்கள், கல் வந்தது, இறங்கிவிட்டார். அன்று டைகர்ஸ் பேஸ்பால் அணிக்கு உள்ளூர் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் வில்லி ஹார்ட்டன் அணிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து கெஞ்சினார். அதுவும் எடுபடவில்லை.

மதியத்துக்கு மேல் மணிக்கு 20-25 மைல் வேகத்தில் காற்று. கடைக்கு வைத்த தீ பின்னால் இருந்த மரவீடுகளுக்குத் தாவியது. வீடிழந்த குடும்பங்களில் பெரும்பாலானவை யாரும் குறிவைக்காத இந்த வீடுகளில் இருந்தவை. கல்வீச்சில் தீயணைப்புப் படையினர் பல இடங்களில் பின்வாங்க வேண்டியிருந்தது. மாலையில் மேயர் இரவு 9 மணி முதல் ஊரடங்கு அறிவித்தார்.

ராணுவம் வர ஏன் திங்கள் நள்ளிரவு ஆனது?

அரசியலும் சட்டமும் சேர்ந்து செய்த தாமதம். மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி குடியரசுக் கட்சிக்காரர், அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் லிண்டன் ஜான்சனை எதிர்க்கக்கூடியவர். நிலைமை தன் கையை மீறிவிட்டது என்று ஆளுநர் எழுத்தில் தர வேண்டும் என்றது வாஷிங்டன். ‘கிளர்ச்சி’ என்ற சொல்லை அரசே எழுதிவிட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தராமல் தப்பிக்கும் என்பது ராம்னியின் கவலை. வான்குடைப் படையினர் திங்கள் மாலையே செல்ஃப்ரிட்ஜ் விமானத்தளத்தில் காத்திருந்தார்கள். அதிபரின் பிரதிநிதி சைரஸ் வான்ஸ் ஊரைச் சுற்றிப் பார்த்து, அமைதியாகத்தான் இருக்கிறது என்றார். இருட்டியதும் நிலைமை மாறியது. ஜான்சன் கையெழுத்துப் போட்டபோது இரவு 11 மணி தாண்டியிருந்தது.

அந்த 43 பேரைக் கொன்றது யார்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அதிபர் அமைத்த கெர்னர் ஆணையத்தின் கணக்கு இது: போலீஸ் கையால் 20 பேர், அநேகமாக 21. தேசியக் காவல்படையால் (மாநிலத்தின் பகுதிநேரப் படை) 7, அநேகமாக 9. ராணுவத்தால் 1. கடைக்காரர்கள் சுட்டு இருவர். கலவரக்காரர்கள் கொன்றதாகச் சொல்லக்கூடியது இரண்டு மூன்றுதான். தீ, அறுந்த மின்கம்பி போன்ற விபத்துகளில் போன உயிர்கள் நான்கு. மிச்சத்தில் ஒன்று தனியார் காவலாளி கையால், மற்றவை யார் செய்தது என்று உறுதியாகாதவை. சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் பெரிய பகுதி கடையில் பொருள் எடுத்தவர்கள் அல்லது எடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள்.

டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக விசாரித்து எழுதியது. பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்பது அதன் முடிவு. அந்தச் செய்திப் பணிக்கு 1968-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

மறைந்திருந்து சுட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்களாமே?

அன்றைய செய்திகளை நம்பினால் ஒவ்வொரு கூரையிலும் ஒருவர் இருந்தார். வழக்குகளோ வேறு கதை சொல்கின்றன. மறைந்திருந்து சுட்டதாக வழக்குப் பதிவானது 27 பேர் மீது. அதில் 22 வழக்குகள் முதற்கட்ட விசாரணையிலேயே தள்ளுபடி, பிறகு இன்னும் இரண்டு.

இவ்வளவு பெரிய பயம் எப்படி உருவானது என்பதும் தெரியும். இலக்காகிவிடக் கூடாது என்று காவல்படையினர் தெருவிளக்குகளைச் சுட்டு அணைத்தார்கள். விளக்கைச் சுட்ட சத்தம் அடுத்த தெருவில் இருந்த படைக்குத் துப்பாக்கிச் சூடாகக் கேட்டது. அவர்கள் திருப்பிச் சுட்டார்கள், அதைக் கேட்டு மூன்றாவது குழு. போலீஸுக்கும் காவல்படைக்கும் பொதுவான வானொலித் தொடர்பு ஒழுங்காக இல்லை, யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருட்டில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய் இரவு 12-வது தெருவுக்கு அருகே ஓர் அபார்ட்மென்டில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். அந்தச் சிறு வெளிச்சம் துப்பாக்கியின் பொறியாகத் தெரிந்தது. கவச வண்டியில் இருந்த கனரக இயந்திரத் துப்பாக்கி அந்த ஜன்னலைப் பார்த்துச் சுட்டது. உள்ளே இருந்த 4 வயதுச் சிறுமி செத்துப்போனாள்.

ராணுவமும் தேசியக் காவல்படையும் ஒரே மாதிரிதானே நடந்துகொண்டன?

இல்லவே இல்லை. காவல்படையினர் பகுதிநேர வீரர்கள், ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர், பலர் சிற்றூர்க்காரர்கள். நகரத்தில் கூட்டத்தைச் சமாளிக்கும் பயிற்சி கிடையாது. பயிற்சி முகாமிலிருந்து நீண்ட பயணத்துக்குப் பிறகு நேரே தெருவில் இறக்கப்பட்டார்கள், கையில் வரைபடம்கூட இல்லாமல். ராணுவத்தின் 82, 101-ஆம் வான்குடைப் பிரிவுகளிலோ கறுப்பின வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். பலர் வியட்நாம் பார்த்தவர்கள், குண்டுச் சத்தத்துக்கு அதிராதவர்கள்.

தளபதி ஜான் த்ராக்மார்ட்டன் முதலில் செய்தது, துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுக்கச் சொன்னது. இரண்டாவது, தெருவிளக்கைப் போடச் சொன்னது. மூன்றாவது, வீரர்களை அந்தந்தத் தெருமக்களோடு பேசிப் பழகவும் குப்பை அள்ளவும் விட்டது. அவர்கள் பொறுப்பில் இருந்த கிழக்குப் பகுதி சில மணி நேரத்தில் அடங்கியது. ராணுவம் மொத்தமாகச் சுட்டது சுமார் 200 தோட்டா. தோட்டாவை எடுக்கச் சொன்ன ஆணை காவல்படைக்கும் போனது, அங்கே பலர் கேட்கவில்லை. மேற்குப் பகுதியில் சூடு தொடர்ந்தது. அதே ஊர், அதே இரவுகள்.

அல்ஜியர்ஸ் மோட்டலில் என்ன நடந்தது?

ஜூலை 26 அதிகாலை. உட்வர்ட் அவென்யூவில் இருந்த அந்த விடுதிப் பக்கம் சுடும் சத்தம் கேட்டதாகச் சொல்லி, நகரப் போலீஸ், மாநிலப் போலீஸ், காவல்படையினர், ஒரு தனியார் காவலாளி உள்ளே நுழைந்தார்கள். கறுப்பின இளைஞர்களையும் அவர்களோடு இருந்த இரண்டு வெள்ளைப் பெண்களையும் கூடத்தில் சுவரைப் பார்த்து நிற்கவைத்து அடித்தார்கள். ஒருவரைத் தனி அறைக்கு இழுத்துப்போய்த் தரையில் சுடுவது, வெளியே நிற்பவர்கள் அவர் செத்தார் என்று நினைத்து உண்மையைக் கக்க வேண்டும் என்பது திட்டம். இந்த ‘விளையாட்டில்’ ஒருவர் உண்மையாகவே கொல்லப்பட்டார். பொழுது விடிந்தபோது மூன்று கறுப்பின இளைஞர்கள் பிணமாகக் கிடந்தார்கள். மறைந்திருந்து சுட்டதற்கான துப்பாக்கி எதுவும் கிடைக்கவில்லை. மூன்று சாவையும் போலீஸ் முறைப்படி மேலிடத்துக்குத் தெரிவிக்கவுமில்லை.

வழக்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கொலை வழக்கு 1969-இல் மேசன் என்ற சிற்றூருக்கு மாற்றப்பட்டது, ஜூரிகள் அனைவரும் வெள்ளையர். முதல்நிலைக் கொலை அல்லது விடுதலை, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், குறைந்த குற்றம் எதையும் பரிசீலிக்கக் கூடாது என்றார் நீதிபதி. விடுதலை. சிவில் உரிமை மீறல் வழக்கு 1970-இல் ஃப்ளின்ட் நகரில் நடந்தது, அதிலும் விடுதலை. இப்படித்தான் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் 1967 ஆகஸ்டிலேயே ஒரு தேவாலயத்தில் மக்கள் நீதிமன்றம் கூட்டினார்கள். ஜூரிகளில் ஒருவர் ரோசா பார்க்ஸ். மான்ட்கோமரி பேருந்துப் போராட்டத்துக்குப் பின் 1957 முதல் அவர் டெட்ராய்டில்தான் குடியிருந்தார்.

7,200 பேரை எங்கே வைத்தார்கள்?

வைக்க இடமில்லை. சிறைகள் நிரம்பியதும் பேருந்துகளில், போலீஸ் தலைமையகத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில், பெல் தீவுக் குளியல் மண்டபத்தில் அடைத்தார்கள். பேருந்திலேயே 30 மணி நேரம் வரை உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

ஜாமீன்தான் உண்மையான பூட்டு. சூறை வழக்குகளுக்கு 10,000 டாலரும் அதற்கு மேலும் ஜாமீன் கேட்டது அரசுத் தரப்பு. ஆளைத் தெருவுக்கு விடக் கூடாது என்பதே நோக்கம், அதை மறைக்கவும் இல்லை. பெரும்பாலான நீதிபதிகள் கேட்டதைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்து, அவரால் கட்டக்கூடிய தொகை வைத்தவர் நீதிபதி ஜார்ஜ் கிராக்கெட். குடும்பத்துக்குச் சொல்லவும் வழியில்லாமல் பலர் நாள்கணக்கில் காணாமல் போனவர்களாகவே இருந்தார்கள். பிறகு பெரும்பாலான வழக்குகள் தள்ளுபடியாயின அல்லது சிறு குற்றமாகச் சுருங்கின.

இது கறுப்பர்-வெள்ளையர் மோதலா?

1943-இல் டெட்ராய்டில் நடந்தது அப்படிப்பட்ட மோதல். வெள்ளைக் கும்பலும் கறுப்பினக் கும்பலும் தெருவில் அடித்துக்கொண்டன, 34 பேர் செத்தார்கள், அதில் 25 பேர் கறுப்பினத்தவர், அவர்களில் 17 பேரைக் கொன்றது போலீஸ். 1967-இல் அக்கம்பக்கத்து வெள்ளையர் வேட்டையாடப்படவில்லை. சில தெருக்களில் இரு நிறத்தாரும் ஒரே கடையில் சேர்ந்து அள்ளினார்கள். கோபம் போலீஸ் மீதும், தவணைக்கு விற்று அநியாய விலை வைத்த கடைகள் மீதும். ஆனால் கடனுக்கு மருந்து கொடுத்த கறுப்பினத்தவரின் மருந்துக்கடையும் சூறையானது. கூட்டத்துக்கு ஒரே ஒரு நோக்கத்தை ஒட்டவைப்பவர்களை நம்பாதீர்கள்.

சூறையாடியவர்கள் தெற்கிலிருந்து வந்த படிக்காதவர்கள் என்பார்களே?

அப்போதே கருத்துக்கணிப்பு எடுத்துப் பார்த்தார்கள். பங்கேற்றதாகத் தாங்களே சொன்னவர்களில் பெரும்பாலோர் நகரத்திலேயே வளர்ந்த இளைஞர்கள், பங்கேற்காத பக்கத்து வீட்டுக்காரரைவிடக் கொஞ்சம் கூடப் படித்தவர்கள். வேலை இல்லாதவர்கள் அல்லது தகுதிக்குக் குறைந்த வேலையில் இருந்தவர்கள். ‘வெளியூர் ஆட்கள்’ கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

மற்ற நகரங்களிலும் போலீஸ்தான் பொறியா?

பெரும்பாலும். 1964 ஹார்லெம்: 15 வயதுச் சிறுவனைப் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றார். 1965 வாட்ஸ்: சாலையில் ஒரு காரை நிறுத்தியதில் தொடங்கி 34 சாவு. 1967 நியூவார்க்: டாக்ஸி டிரைவரை அடித்து ஸ்டேஷனுக்குள் இழுத்துப் போனதை எதிர்க் கட்டடத்து மக்கள் பார்த்தார்கள், 26 சாவு.

கெர்னர் ஆணையம் என்ன சொன்னது, என்ன ஆயிற்று?

டெட்ராய்ட் அடங்குவதற்குள் ஜான்சன் 11 பேர் ஆணையம் அமைத்தார். இல்லினாய் ஆளுநர் ஆட்டோ கெர்னர் தலைவர். சதி இருக்கும் என்பது வெள்ளை மாளிகையின் எதிர்பார்ப்பு. சதி எதுவும் இல்லை என்றது 1968 பிப்ரவரி இறுதியில் வந்த அறிக்கை. கறுப்பு, வெள்ளை என்று இரண்டு சமமற்ற சமூகங்களாக நாடு பிரிகிறது என்றும், அந்த நிலையை உருவாக்கியவை வெள்ளையரின் நிறுவனங்கள் என்றும் எழுதியது. மக்களின் குறைகளில் முதல் வரிசையில் வைத்தவை போலீஸ் நடத்தை, வேலை, வீடு. ஜான்சன் அறிக்கையை வாங்கி ஓரமாக வைத்தார். ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார், நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. அதே மாதம் 11-ஆம் தேதி வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் கையெழுத்தானது.

டெட்ராய்ட் காலியானதே இந்தக் கலவரத்தால்தானா?

மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள்: 1950-இல் 18.5 லட்சம், 1960-இல் 16.7 லட்சம், 1970-இல் 15.1 லட்சம். 1950-களின் சரிவு, கலவரம் நடந்த 1960-களின் சரிவுக்குக் குறைந்ததில்லை. தொழிற்சாலைகளும் வெள்ளையரும் புறநகருக்குப் போவது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 1967 அதை விரட்டிவிட்டது, தொடங்கி வைக்கவில்லை.

போலீஸ் மாறியதா?

உடனே இல்லை, முதலில் மோசமானது. 1971-இல் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற மாறுவேடப் பிரிவைத் தொடங்கினார்கள். போலீஸ்காரரே அப்பாவி வழிப்போக்கராக நடிப்பார், திருட வருபவரை மற்றவர்கள் மடக்குவார்கள். சில ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது அந்தப் பிரிவு, பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதைக் கலைப்பேன் என்று சொல்லித் தேர்தலில் நின்ற கோல்மன் யங் 1973 நவம்பரில் ஜெயித்து நகரின் முதல் கறுப்பின மேயரானார். சொன்னபடி கலைத்தார், படையில் கறுப்பினத்தவரையும் பெண்களையும் சேர்த்தார். போலீஸ் சங்கங்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தன.

அந்த வாரத்துச் செய்தித்தாள்களைப் படிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

மூன்றில். சேதம் 50 கோடி டாலர் என்று ஆரம்பத்தில் அச்சிட்டார்கள், பிறகு நிதானமாகக் கணக்கிட்டபோது 3.2 முதல் 4.5 கோடிக்குள் வந்தது. ‘மறைந்திருந்து சுட்டவர் சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்ற தலைப்பு வந்தால், அதே பெயரைப் பின்னால் வந்த விசாரணை அறிக்கைகளில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் நிராயுதபாணியாக இருப்பார். கைதுக் கணக்கைத் தண்டனைக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரடங்கு நேரத்தில் வெளியே நின்றதற்காக மட்டும் பிடிபட்டவர்களும் அந்த 7,200-இல் அடக்கம்.